கோமதி அக்கா வரைந்த இருட்டு

கோமதி அக்கா வீட்டிலிருந்து போன் வந்தால் முதலில் தறிச்சத்தம்தான் வந்து சேரும். அவருடைய குரல் அதற்குப் பின்னால் வரும். அடுத்த அறையில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே பேசிப் பழகியவர் என்பதால், கோயில் பிராகாரத்தில் நின்று பேசினாலும் அவர் பேச்சு சண்டை போடுவது போலத்தான் இருக்கும். சென்ற மாதம் ஒருநாள் காலையில் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். தறிச்சத்தம் இல்லை. அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் எல்லாத் தறிகளையும் நிறுத்திவிடுவார்கள். அவர் மகள் சங்கரி "சித்தி..." என்று தொடங்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. "அம்மா காலையில எந்திரிக்கவே இல்ல சித்தி" என்றாள். ஆபீசில் லீவு சொல்லக்கூடத் தோன்றாமல் கிளம்பிப் போனேன்.

கோமதி அம்மன் குடியிருக்கும் சங்கரன்கோவிலில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு கோமதி மேல்தான் விழும். அதனால் கூரியர்காரர்களுக்கு அவர் 'படம் போடுத கோமதி'. குழந்தைப் புத்தகங்கள் வாங்குகிறவர்கள் அட்டையில் கோமதி சண்முகம் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பெயரைப் பார்த்திருக்க மாட்டார்கள், படத்தைப் பார்த்திருப்பார்கள். அக்காவுக்கு அதுவே போதும்.

அவர் முதலில் வரைந்தது குழந்தைகளுக்கு அல்ல. கணவர் சண்முகம் அண்ணாச்சியின் தறிகளுக்குச் சேலைக்கரை டிசைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாங்காய், அன்னம், மயில். அதிலும் மயில்தான் அதிகம். ஒருநாள் அலுத்துப்போய், கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் மயில் ஒன்றை வரைந்து, ஒரு சிறுவர் மாத இதழுக்கு அனுப்பிவிட்டார். "சேலை மயிலு ஒரு சோலியும் பாக்காதுட்டி. சும்மா நிக்கும். எனக்கு களவாங்குத மயிலு வேண்டியிருந்துச்சு" என்பார். அந்த மயில் அட்டைப்படமாக வந்தது. அண்ணாச்சி தறியை நிறுத்திவிட்டு, அந்த இதழைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாராம்.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. அதே இதழில் நான் எழுதிய கதை ஒன்றுக்கு அவர் படம் போட்டிருந்தார். 'பொன்னி மகிழ்ச்சியில் துள்ளிக் குதித்தாள்' என்று நான் எழுதியிருக்க, படத்திலோ பொன்னி ஒரு மூலையில் நின்று பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படம் போட்டவரும் இதே ஊர் என்று தெரிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்விட்டேன். தறிச்சத்தத்தில் நான் கத்த, அவர் பதிலுக்குக் கத்தினார். "நீதான் குதிச்சான்னு எழுதிட்டியே! நானும் ஒருக்கா குதிக்க வைக்கணுமா? பாவம், புள்ளைக்குக் காலு வலிக்காது?" அதற்குள் காபி வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி பார்த்தேன். பாவாடையைக் கடிக்கிற பொன்னிக்குத்தான் என் பொன்னியைவிடச் சந்தோஷம் அதிகம்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. படத்தில் இருப்பதை நான் எழுதக்கூடாது; நான் எழுதியதை அவர் வரைய மாட்டார். என் ஒவ்வொரு கதையையும் அவர் பென்சிலோடுதான் படிப்பார். 'சிவந்த வானம்', 'அழகிய குளம்' எல்லாம் போய்விடும். வாய் நிறையப் பேசுகிற விவசாயச் சம்சாரி வீட்டில் பிறந்தவள் நான். ஒரு வரியை இழக்க எனக்கு மனசே வராது. "சவத்த விடுட்டி, அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று அடித்துக்கொண்டே போவார். எத்தனையோ நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். புத்தகம் வந்த பிறகு, அடித்த வரிகளில் ஒன்றைக்கூட நான் தேடியதில்லை.

எலுமிச்சைப் புத்தகத்தைப் பலரும் அறிவீர்கள். அதற்காக அவர் என்னை இழுத்துக்கொண்டு புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் போனார். ஒரு குவியலின் பக்கத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கடைக்காரர், இந்த அம்மா ஏதோ கம்பெனிக்குக் கொள்முதல் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, நாற்காலி போட்டு, குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, "எந்தூருக்கு அனுப்பணும்?" என்று கேட்டார். "எடுக்க வரல அண்ணாச்சி, மஞ்சள் பாக்க வந்தேன்" என்றார் அக்கா. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கலரைக் குடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கே ருசி தட்டிவிட்டது. வெயில் பட்டது, இலை மறைவில் கிடந்தது, பழுக்க யோசிப்பது என்று பழம் பழமாகப் பொறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் புத்தகத்தில் ஒரு எலுமிச்சை மாதிரி இன்னொன்று இருக்காது. இதையெல்லாம் அவர் வரைந்தது, சங்கரி வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில். தலை நரைத்த பிறகு அதைப் பழகினார். அதில் அவருக்கிருந்த ஒரே குறை, சேலையில் சாயம் ஒட்டவில்லை என்பதுதான்.

இனி அவருடைய கடைசிப் புத்தகத்துக்கு வருகிறேன். தறித்தெருக் குழந்தை ஒன்றைப் பற்றிய கதையை நான் எழுதிக்கொண்டு போனேன். நாளெல்லாம் தறிச்சத்தம், குழந்தைக்குத் தூக்கமே வரவில்லை. பொழுது அடைந்ததும் கரண்ட் போகிறது. தெரு அமைதியாகிறது. குழந்தை தூங்குகிறது. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அக்கா படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அண்ணாச்சி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். அது போதாதென்று வாசலில் நின்று தெருவையே கூப்பிட்டார். "இங்கன வாங்கடே, கரண்ட் போனா புள்ள தூங்குதாம்!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "கரண்ட் போனாத்தானே யக்கா இது வீல்னு முழிக்கும்" என்றாள். அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்குத் தறிச்சத்தம்தான் தாலாட்டு. அது நின்றால்தான் பயம். இளையரசனேந்தல் மானாவாரிக் காட்டில், நாய் குரைப்பதைக் கேட்டுத் தூங்கி வளர்ந்த எனக்கு இது எப்படித் தெரியும்? தாளைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "கதை கெட்டுப் போகலட்டி. தலகீழா நிக்கி. நிமித்தி வச்சிருவோம்" என்றார்.

நிமிர்த்தி வைத்தது முழுக்க அவர்தான். சத்தத்தை வரைய முடியுமா? அவர் வரைந்தார். தறி ஓடும் பக்கங்களில் ஒரு கோடுகூட நேராக இருக்காது. தம்ளர்த் தண்ணீர், சுவர் காலண்டர், கண்ணாடியில் ஒட்டிய பொட்டு, அம்மாவின் மூக்குத்தி என எல்லாம் லேசாக அதிரும். அதற்கு நடுவில் குழந்தை நிம்மதியாகத் தூங்கும். பிறகு இரண்டு பக்கம் சேர்ந்த ஒரே படத்தில் தறி நின்றுவிடும். அங்கே ஒவ்வொரு கோடும் அசையாமல் நிற்க வேண்டும். குழந்தை முழித்துக்கொள்ளும். திட்டம் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் கைநடுக்கம் வந்தது. முதலில் காபி சிந்தியது. பிறகு கோலம் கோணியது. திருநெல்வேலி டாக்டர், மாத்திரையில் குறையும், ஆனால் போகாது என்று சொல்லிவிட்டார். நான் இடிந்துபோனேன். அவரோ, "புத்தகத்துக்குத் தோதா வந்துருக்கு, விடு" என்று, அந்த நடுக்கத்தை வைத்தே தறிப்பக்கங்களை வரைய உட்கார்ந்துவிட்டார். அந்த அதிர்வைப் பார்த்து என்ன கைத்திறன் என்று நான் வியந்தபோது, "நான் சும்மா கைய வச்சேன். அதுவே ஓடுது" என்றார். தைரியம் என்று பெரிய வார்த்தையெல்லாம் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன், அது தைரியம்தான்.

ஆனால் அந்த அசையாத படம் மிச்சம் இருந்தது. அது இல்லையென்றால் கதையே இல்லை. சென்னையிலிருந்து பதிப்பாளர் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். நடுங்கிய கோட்டை நேராக்கித் தரும் வசதி டேப்லெட்டிலேயே இருக்கிறதாம். சங்கரி அதைப் போட்டுக் கொடுத்தாள். அக்கா வரைந்து பார்த்தார். கோடுகள் எல்லாம் ஸ்கேல் வைத்த மாதிரி வந்து நின்றன. வெகுநேரம் பார்த்தார். "இது ஆளில்லாத வீடுல்லா. உள்ள ஒரு புள்ள முழிச்சிக்கிட்டு கெடக்குட்டி" என்று அழித்துவிட்டார். அப்புறம் பல வாரங்கள் அதைத் தொடவில்லை. நான் போனால் சமையல் பேசினார், பூ விலை பேசினார். ஒருநாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வேற யாராவது அந்த ஒண்ண வரையட்டும். எம் பேரு இல்லாட்டாலும் பரவால்ல, புத்தகம் வரணும்" என்றார். களவாணி மயிலை வரைந்த மனுஷி சொல்கிற பேச்சா இது? எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சண்டை போட்டேன். அவர் எதிர்த்துச் சண்டை போடாததுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊரில் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாள் ஒன்று உண்டு. அப்படி ஒருநாள் காலையில் கூப்பிட்டார். "ஏட்டி, உடனே வா." போனேன். என்னைத் தறிக்கூடத்துக்குள் கூட்டிக்கொண்டுபோய் ஷட்டரை இறக்கினார். கும்மிருட்டு.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலக்கா."

"தறி?"

"தெரியல."

"நான்?"

அக்கா அருகில்தான் நின்றார். கண்ணின் வெள்ளை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. "உங்க கண்ணு" என்றேன். இருட்டுக்குள் அவர் சிரிப்பதைக் கேட்டேன். "பொழுதடஞ்சு கரண்ட் போனா வீடு இருட்டாத்தானே இருக்கும்? கோடு எங்கன தெரியும்? இத்தன நாளு கூறுகெட்டதனமா கோட்டத் தேடிக்கிட்டு இருந்துருக்கேன்."

அப்படித்தான் அந்தப் படம் வந்தது. இரண்டு பக்கமும் முழுக் கருப்பு. கீழே ஓரத்தில், திறந்திருக்கும் இரண்டு சின்னக் கண்கள். அந்தக் கண்களுக்காக எத்தனையோ நாள் உட்கார்ந்தார். நடுக்கம் கொஞ்சம் ஓயும்வரை பொறுத்திருந்து வைத்த புள்ளிகள் அவை. அந்தப் பக்கத்துக்கு நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: 'உலகமே மூச்சு விட மறந்தது.' எனக்கு மிகவும் பிடித்த வரி. அவர் அதை அடிக்கவில்லை. இந்த ஒருமுறை முடிவை என்னிடமே விட்டுவிட்டு, வேறு வேலை பார்ப்பதுபோல இருந்தார். நானே அடித்தேன்.

சிவகாசி அச்சகத்திலிருந்து ஒரு தம்பி பதறிப்போய் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். "ரெண்டு பக்கம் கருப்பா வருதும்மா, பைல் கெட்டுப்போச்சு போல." அக்கா சொன்ன பதிலைச் சொல்லிச் சொல்லி அச்சகத்தில் இன்றைக்கும் சிரிக்கிறார்களாம். "பைலு நல்லாத்தான் இருக்கு தம்பி. கரண்டுதான் போயிருக்கு. அடுத்த பக்கத்துல வந்துரும்." அன்று மதியம் எங்கள் வழக்கப்படி பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம். ஒவ்வொரு புத்தகம் முடியும்போதும் அது உண்டு. தன் கை நடுக்கத்தில் சோறு சிந்தியதற்கு என்னைத் திட்டினார்.

அச்சான புத்தகக் கட்டு வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. வீட்டில் காரியங்கள் முடிந்த பிறகு, அம்மா வரைந்ததில் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சங்கரி சொன்னாள். எல்லாவற்றையும் பார்த்தேன். எதையும் எடுக்கத் தோன்றவில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது, ஒரு பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கும் பழக்கம். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

அது எவ்வளவு பெரிய சொத்து என்று சென்ற வாரம் தெரிந்தது. அக்காவின் தெருக்கோடிப் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தை வாசித்தேன். கருப்புப் பக்கம் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முன்வரிசையிலிருந்த ஒரு குட்டிப் பெண் எழுந்து வந்தாள். அந்தக் கண்களுக்குக் கீழே, வெறும் கருப்பின் மேல் உள்ளங்கையை வைத்து, மெல்லத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். அங்கே அந்தக் குழந்தையின் வயிறு இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும் அக்கா. என் கை தன்னையறியாமல் பக்க ஓரத்துக்குப் போனது. அவள் மறுகையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பொரட்டாதீங்க டீச்சர். இன்னும் தூங்கல."