சுபாங்கிலிருந்து பினாங்கு ஒரு மணி நேரம்தான்

பிரிக்பீல்ட்சில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற பிழைப்பு என்னுடையது. விமானம் எப்போது கிளம்பும் என்று நமக்குத் தெரியும். பயணி வீட்டை விட்டு எப்போது கிளம்புவார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கத்திக் கத்தித் தொண்டை வற்றிய சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இது புரியும்.

குறுக்கு வழி

செந்தூல் பக்கத்து அங்கிள் ஒருத்தர் பினாங்குக்கு டிக்கெட் கேட்டு வந்தார். காரில் போனால் நாலு மணி நேரத்துக்கு மேல், சுபாங் விமான நிலையத்திலிருந்து பறந்தால் ஒரு மணி நேரம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் தொங்கிவிட்டது. "நேரா போயிடும் அங்கிள், சுத்தவே வேணாம்" என்று விளக்கினேன். மனுஷர் சுவரில் இருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அப்போ வழியில ஈப்போல இறங்கி ஒரு காப்பி குடிக்க முடியாதாம்மா?"

அந்த லோரியில் நானா?

அடுத்து வந்தவர் கிள்ளானில் இருக்கும் ஜோதி அக்கா. ஒரே மகள் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு பினாங்குக்குப் போய்விட்டாள். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது நிறைமாதம். "அம்மா, பயமா இருக்கு, வாங்க" என்று அவளே போன் போட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மருமகன் லோரி ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமை கிள்ளானில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புகிறான், அத்தையையும் கூட்டிப்போகிறேன் என்று மகளிடம் சொல்லி அனுப்பினானாம். "நல்லதுதானே அக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். கிடைத்தது எனக்கு: "அவன் பக்கத்துல உக்காந்து அவ்வளவு தூரமா? நீ ஃப்ளைட்டைப் போடு லா!"

பை மட்டும் கிளம்பியது

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் ராகு காலம். அதற்கும் நம்மவர்களிடம் வழி இருக்கிறதே! முன்கூட்டியே பையை அடுத்த வீட்டில் வைத்துவிட்டால், நல்ல நேரத்தில் பயணம் புறப்பட்டதாகக் கணக்கு. அக்காவும் விடிந்ததும் பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். அடுத்த வீட்டு அம்மாள் கதவைப் பூட்டிக்கொண்டு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டார். விமானம் ஏறக் காட்ட வேண்டிய அடையாள அட்டை, அந்த ஐசி, பைக்குள்.

அக்காவின் போன் வந்தபோது விமானம் பறந்துவிட்டது. பள்ளி விடுமுறை, அன்றைக்கு வேறு சீட்டே இல்லை. எனக்கு வந்ததே கோபம்! "ராகு காலம் பார்த்தீங்களே, உங்க மக வலி நல்ல நேரம் பார்த்தா வரும்? மருமகனைக் கூப்பிடுங்க முதல்ல!" என்று கத்திவிட்டேன். அக்கா சின்னக் குரலில், "அவன் நம்பர் என்கிட்ட இல்லையே மா."

ஜோதி அக்காவின் லட்டு

மகளுக்குப் போன் போட்டு மருமகன் நம்பரை வாங்கித் தந்தது நான்தான். நல்லவேளை, லோரி இன்னும் கிள்ளானை விட்டுக் கிளம்பவில்லை. ஒரு மாதம் கழித்து அக்கா லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். பேத்தியாம். லோரி போய்ச் சேர்ந்த மறுநாள்தான் பிறந்தாளாம். "வழியில தாப்பா ஊர் வரைக்கும் நான் வாயே திறக்கல. அங்க நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான், எனக்குச் சீனி ஆகாதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கான் பாரு! அப்புறம் எங்க நிறுத்துறது? பினாங்குப் பாலம் ஏறுற வரைக்கும் பேசிட்டே போனோம்."

"அடுத்த தடவையாவது ஐசியைக் கையில வச்சுக்குங்க, ஃப்ளைட்ல சீக்கிரம் போயிடலாம்" என்று சீண்டினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்: "ஒரு மணி நேரத்துல மூணு வருஷத்தைப் பேசி முடிக்க முடியுமா லா?"

இப்போதெல்லாம் பினாங்கு எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், கூட யார் வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் நான் பதில் சொல்கிறேன்.