பதினான்கு வரைபடமும் ஒரு ஜன்னலும்

கதவே இல்லாத வாசலில் நின்று டெல்பர்ட் ஸ்கோகன் தன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இடது கால் மூன்று முறை, வலது கால் மூன்று முறை. உள்ளே தரையும் கிடையாது, மேலே கூரையும் கிடையாது. கீழே மரத்தூள், தலைக்கு மேல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து அக்டோபர் வானம், அவ்வளவுதான். "எதுக்குத் தொடைக்கிறீங்க? உள்ளதான் இதவிட அழுக்கு!" என்று மரவீட்டுப் பட்டறையின் ரம்பக்காரர் லோவெல் வாரா வாரம் கேட்பார். "வீடுன்னா வீடுதான்யா" என்பார் டெல்பர்ட்.

துடைத்து முடித்ததும் அளக்கிற டேப்பை எடுப்பார். பட்டறைச் சுவரில் ஆறு டேப் தொங்குகிறது. அதில் ஒன்றின் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. சட்டைப் பையில் சொந்த டேப், காதில் பென்சில், கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். சாக்கடைக்குப் பதிக்கிற குழாய்தான். இரண்டு பக்கமும் மூடி போட்டு உள்ளே வீட்டு வரைபடங்களைச் சுருட்டி வைத்திருக்கிறார். மழையில் நனையாது, எலி கடிக்காது என்று அவருக்கு அதில் ஒரு பெருமை வேறு. முப்பத்தொரு வருடம் மரலாரி ஓட்டிய மனிதர். மலையிலிருந்து எத்தனை ஆயிரம் மரங்களை இறக்கியிருப்பாரோ! தனக்கென்று முழுமர வீடு வாங்க வந்தபோது மட்டும் ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்து அளந்தார்.

இந்தப் பட்டறையில் வீட்டை இங்கேயே முழுசாக அடுக்கிவிடுவார்கள். கட்டைக்குக் கட்டை பொருந்துகிறதா என்று பார்த்து, முனையில் எண் அடித்து, பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டுபோய், வாங்கியவரின் மனையில் மறுபடி அடுக்குவார்கள். ஜன்னலுக்கு இடம்விட்டு மிஷின் ரம்பத்தால் அறுப்பதும் இங்கேதான். அறுத்தால் அறுத்ததுதான், ஒட்ட முடியாது. டெல்பர்ட்டுக்கு அந்தப் பயம் உண்டு. பதினோரு வருடமாக ரம்பத்தையே கிட்டே விடவில்லை. வரைபடத்திலேயே மாடிப்படியை இடம் மாற்றினார், அப்புறம் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். அடுப்பைக் கிழக்கே தள்ளினார். ஒவ்வொரு தடவையும், "பென்சில்தானே? ரம்பம் இல்லையே" என்பார். மொத்தம் பதினான்கு வரைபடங்கள். பதினான்கையும் வரைந்தவள் பட்டறை அலுவலகத்தில் இருக்கும் நாடீன். "இதுதாம்மா கடைசி" என்று அவர் சொன்னதுமே புதுத் தாளை எடுத்து வைத்துக்கொள்வாள்.

அவர் மனைவி ஆர்லிஸ் வரைந்தது ஒன்றே ஒன்றுதான். பிட்டர்ரூட் ஆற்றங்கரையில் மனை வாங்கிய வாரம், சர்ச்சில் கொடுத்த தாளின் பின்பக்கத்தில், பிரசங்கம் நடக்கும்போதே வரைந்தாள். நான்கு சுவர், ஒரு அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தது. சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஆத்தங்கரையில மனைய வாங்கிட்டு ரோட்டப் பாத்து ஜன்னல் கேக்கற ஒரே பொம்பள நீதான்."

"ஆறு எங்க ஓடிடப்போகுது? அங்கயேதான் கெடக்கும்."

"ரோட்டுல மட்டும் என்ன ஊர்வலமா போகுது?"

"போனா போகுது, உங்களுக்கென்ன?"

வருகிறவர் போகிறவரை வேவு பார்க்கத்தான் கேட்கிறாள் என்று டெல்பர்ட் முடிவு கட்டிவிட்டார். பதினான்கு வரைபடங்களிலும் தொட்டியும் ஜன்னலும் ஆற்றுப் பக்கமே இருந்தன. ஆர்லிஸ் கோபித்துக்கொண்டு போகிறவள் இல்லை. தகர டப்பாவில் ஓட்ஸ் பிஸ்கட் கொண்டுவந்து பட்டறைக்காரர்களுக்கு நீட்டுவாள். "நாலு சுவத்த நிறுத்தி ஒரு கூரையப் போட்டுக் குடுத்துடுங்கப்பா, நான் சாகறதுக்குள்ள" என்று சிரிப்பாள்.

விளையாட்டுக்குச் சொன்னது வினையாகிவிட்டது. போன மார்ச்சில் கணையத்தில் நோய் என்றார்கள். ஆறே வாரத்தில் போய்விட்டாள். ஜூனில் டெல்பர்ட் பட்டறைக்கு வந்து, "அடுக்க ஆரம்பிங்க" என்றார். பதினோரு வருடமாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. நாடீன் மனதுக்குள் திட்டினாள். இதை அந்த அம்மா இருக்கும்போதே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, பாவி மனுஷா!

இப்போது வியாழக்கிழமை லாரி வருகிறது. சுவர்களில் எல்லா ஜன்னல்களுக்கும் அறுத்தாயிற்று, தொட்டி ஜன்னல் ஒன்றைத் தவிர. அதை மட்டும் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். செவ்வாய் மதியம் நாடீன் நேராகப் போய் நின்றாள்.

"இன்னிக்கு சொல்லியாகணும், டெல்பர்ட். லோவெல் ரம்பத்தோட நிக்கிறாரு."

குழாயின் மூடியைத் திறந்தார். பதினான்காவது வரைபடம் வந்தது; அதற்குள் சுருண்டிருந்த சர்ச் தாளும் கூடவே வந்தது. இரண்டையும் ஒரு கட்டை மேல் விரித்து வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

"ஆத்துப் பக்கமே வெட்டச் சொல்லும்மா. அவளே இல்ல. இனிமே ரோட்ட யாரு பாக்கப்போறா?"

சொல்லலாமா வேண்டாமா என்று நாடீன் தவித்தாள். சொன்னால் மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு மணி நேரத்தில் சுவர் போய்விடும்.

"மொத மொதல்ல நீங்க ரெண்டு பேரும் வந்தப்ப அவங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்" என்று ஆரம்பித்தாள். "எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். வீட்டுல நீங்க அதிக நேரம் நிக்கற எடத்துலேர்ந்து என்ன தெரியணும்னு. 'எங்க வீட்டுக்காரர் வண்டி திரும்பறது தெரியணும்'னாங்க. டவுன் வீட்டுல சமையக்கட்டு பின்பக்கமாமே. பனியில நீங்க மலையெறங்கி வர்ற வரைக்கும் வண்டிச் சத்தத்துக்குக் காத தீட்டிக்கிட்டு நிப்பாங்களாம். 'ரோட்டுல எதுக்க வர்றவன் எவனா இருந்தாலும் ஸ்டீரிங்லேர்ந்து ரெண்டு வெரலத் தூக்கி வணக்கம் போடறாரு மனுஷன். எனக்கு ஒரு தடவகூடத் தூக்கினதில்ல. ஜன்னல் இருந்தா தூக்குவாருல்ல?'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

டெல்பர்ட் அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க டேப்ப எடுத்துக்கிட்டு மரம் அளக்கப் போயிட்டீங்க. அவங்களே வீட்டுல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். தப்புதான்." நாடீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவ எங்க சொல்லுவா? கேட்டாத்தானே சொல்லுவா. ஊர்வலமா போகுதுன்னு வாய அடைச்சேனே." காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்தார். அதன் பின்முனை ரப்பர் தேய்ந்து தகரம் மட்டும் மிஞ்சியிருந்தது. "பதினோரு வருஷம், நாடீன். அவளோட பதினோரு வருஷத்த ரப்பர் போட்டு அழிச்சிட்டேன்."

அவர் ரோட்டுப் பக்கச் சுவருக்குப் போனார். பட்டறை வாசலைப் பார்த்த சுவர் அது. டேப் பையிலேயே இருந்தது. தன் சட்டையின் இரண்டாவது பொத்தானில் கையை வைத்து, "அவ கண்ணு இங்க வரும்" என்றார். அதே உயரத்தில் கட்டையில் ஒரு கோடு போட்டார். மேலே ஒரு சாண், கீழே இரண்டு சாண் கையாலேயே அளந்து கட்டம் வரைந்தார்.

"இது ரொம்பத் தாழ்வாச்சே" என்றார் லோவெல். "நீங்க குனிஞ்சுதான் பாக்கணும்."

"குனிஞ்சுக்கறேன். ரம்பத்தப் போடு."

ரம்பம் உறுமி அடங்கியது. கட்டைத் துண்டுகள் வெளியே விழுந்தன. அந்த ஓட்டை வழியாகப் பட்டறை வாசலும் வாசலைத் தாண்டி ஜல்லி ரோடும் தெரிந்தன. டெல்பர்ட் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே போய்த் தன் பழைய பச்சை வண்டியில் ஏறிக் கிளம்பிவிட்டார்.

"தாங்கல போலருக்கு மனுஷனுக்கு" என்று லோவெல் தொப்பியைக் கழற்றினார். நாடீன் துடைப்பத்தை எடுத்து, தரையே இல்லாத அந்தச் சமையலறையில் மரத்தூளைப் பெருக்க ஆரம்பித்தாள். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அடித்துக்கொண்டது அவளுக்கு.

வாசலில் இன்ஜின் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். ரோட்டில் போன பச்சை வண்டி வளைந்து திரும்பி, வாசலுக்குள் நுழைந்து, மெல்ல, மிக மெல்ல வந்துகொண்டிருந்தது. டெல்பர்ட்டின் பார்வை அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. நாடீன் சட்டென்று ஜன்னலுக்கு முன்னாலிருந்து விலகி, இடத்தை விட்டுக்கொடுத்தாள்.

ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு விரல்கள் எழுந்தன. வண்டி வந்து நின்ற பிறகும் அவை இறங்கவில்லை.