இறைப்பு மெஷின்கள் நின்ற மாதம்

1. பைப்படியில்

அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடற்கரை ஒழுங்கையின் தெருப் பைப்படியில், கையில் செம்புடன் என் சைக்கிளை மறித்தார்.

"ஓவசியர், இதைக் குடிச்சுப்போட்டுப் போங்கோ."

அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடங்களோடு நின்றார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். செம்பை வாங்கிக் குடித்தேன். இரண்டாவது மிடறு இறங்கவில்லை. தண்ணீர் உப்பேறிச் சவர்த்துக் கிடந்தது.

"நாங்கள் ஒரு கிழமையா உந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறம். குழந்தைக்கும் உதைத்தான் குடுக்கிறம்" என்றார்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. வடகரையிலிருந்த ஒரு சிறு பட்டின சபையில் நான் நீர் விநியோக ஓவசியர். வயது இருபத்தெட்டு. உடுப்பிட்டியிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய்வருவேன். அந்தப் பட்டினத்துக் கிணற்றுத் தண்ணீரில் குளிக்கலாம், குடிக்க முடியாது. அதனால் சபை இரண்டு மைல் உள்ளே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பெரிய கிணறு வெட்டியிருந்தது. எஞ்சினால் இறைத்து, தாங்கியில் ஏற்றி, மெயின் லைன் வழியாகத் தெருப் பைப்புகளுக்கு விடுவோம்.

முந்திய வருடம் மாரி பொய்த்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பழைய எஞ்சினைவிட இரண்டு மடங்கு இழுக்கும் புது எஞ்சின் வந்து சேர்ந்தது. சபையின் சேர்மன் என்னைக் கூப்பிட்டு, "சனம் பாத்துக்கொண்டு நிக்குது. நாலு மணித்தியாலம் காணாது. பத்து மணித்தியாலம் ஓட்டும்" என்றார். ஓட்டினேன். எஞ்சின் ஓடிய நேரம் பதியும் லொக் புத்தகத்தில் இருப்பது என் கையெழுத்து.

ஓட்ட வேண்டாம் என்று எனக்கு மூன்று முறை எழுதித் தந்திருந்தார்கள். அந்தக் கடிதங்களை ஃபைலில் போட்டு மூடியவனும் நான்தான்.

2. சம்பளமில்லாத ஐந்து பேர்

எழுதித் தந்தது நீர் விநியோக ஆலோசனைக் குழு. பெயர்தான் பெரிது. பைப் கேட்டு வரும் சனத்தைத் தன் வீட்டு வாசலிலிருந்து வேறு எங்காவது திருப்பிவிட வேண்டும் என்பதற்காகவே சேர்மன் அதை அமைத்தார். ஊரில் மதிப்புள்ள ஐந்து பேர். சம்பளம் இல்லை, படி இல்லை, அதிகாரமும் இல்லை. மாதம் ஒருமுறை சபைக் கட்டடத்தின் பின்னறையில் கூடுவார்கள். நான் குறிப்பெடுப்பேன்.

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் தலைவர். மற்றவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் சுகிர்தம் ரீச்சர். மெதடிஸ்த பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். குழுவில் சேர்ந்த வாரமே பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் இரண்டு கண்ணாடிக் குடுவை, ஒரு துளிக்குழாய், இரண்டு போத்தல் மருந்து கேட்டு வாங்கி வந்தார். கிணற்றுத் தண்ணீரில் முதல் மருந்தை விட்டால் மஞ்சளாகும். பிறகு வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாக விட வேண்டும். உப்பு எவ்வளவு கூடவோ அவ்வளவு துளி செல்லும், மஞ்சள் செங்கல் நிறமாக மாற. நல்ல காலத்தில் எங்கள் கிணறு பதினொரு துளி. மூன்றாவது கடிதத்தில் இருபத்தாறு என்று எழுதியிருந்தார்.

மற்றவர் மயில்வாகனத் தண்டையல். பாய்க்கப்பல் ஓட்டி நாகபட்டினம், இரங்கூன் என்று போய்வந்தவர். கையெழுத்துப் போடுவார், அதற்குமேல் எழுத மாட்டார். ரீச்சர் துளி எண்ணி முடிப்பதற்குள் நாக்கில் ஒரு சொட்டு வைத்து, "கூடிப்போச்சு ரீச்சர்" என்பார். ஒருநாளும் பிழைத்ததில்லை.

3. ஒரு சாண், ஒரு முழம்

செம்புத் தண்ணீரைக் குடித்த அன்று பின்னேரம் தண்டையலின் வீட்டுக்குப் போனேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அலை ஏறும் இடத்துக்குச் சற்று மேலே, தாழை நின்ற பக்கமாக உட்கார்ந்து, "ஒரு சாண் தோண்டுங்கோ தம்பி" என்றார்.

தோண்டினேன். ஊறியது. "குடியுங்கோ." நல்ல தண்ணீர். இருபது அடி தள்ளிக் கடல்.

"இப்ப ஒரு முழம் தோண்டுங்கோ."

தோண்டினேன். வாயில் வைக்க முடியாத உப்பு.

"எங்கடை பக்கம் முழுக்க உப்பிடித்தான் கிடக்கு. மழை தந்த தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலை மிதக்குது. மெல்லமா அள்ளினால் தந்துகொண்டிருக்கும். அந்தரப்பட்டு உறிஞ்சினால் கீழை கிடக்கிறது எழும்பி வரும். நீங்கள் அதைத்தான் எழுப்பிப் போட்டியள்."

நான் டெக்னிக்கல் படித்தவன். லெவல் பார்க்கத் தெரியும், பிரஷர் கணக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து நடந்து திரிந்த நிலம் கடலுக்கு மேல் இவ்வளவு மெல்லிய ஒரு நல்ல தண்ணீரை ஏந்திக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த மணலில் கால் அழுத்தி வைக்கவே பயமாக இருந்தது.

4. பூட்டிய வால்வு

திணைக்களத்து இஞ்சினியர் வந்து பார்த்தார். கிணறு முடிந்தது, வேறு இடத்தில் வெட்ட வேண்டும், அனுமதி கிடைத்து வேலை முடிய இரண்டு வருடம் செல்லும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழு அவசரமாகக் கூடியது. சேர்மனும் வந்திருந்தார்.

"கிணறு முடியேல்லை. களைச்சுப் போச்சு. ஆற விடவேணும்" என்றார் தண்டையல்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று சேர்மன் கேட்டார்.

"அது தெரியாது."

"ஊருக்கே தண்ணியை நிப்பாட்டிப்போட்டு எவ்வளவு நாளெண்டு தெரியாது எண்டு சொல்லவோ? நான் உத்தரவு போட மாட்டன்."

"உத்தரவு வேண்டாம் ஐயா" என்றார் ரீச்சர். "நாங்கள் போய்க் கேக்கிறம்."

அடுத்த நாள் காலையில் போஸ்ட்மாஸ்டர் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். பட்டினத்தில் வீட்டு இணைப்பு இருந்த சில வீடுகளில் அவருடையதும் ஒன்று. "முதல்லை இதைப் பூட்டும்" என்றார். ஸ்பானரால் வால்வைப் பூட்டினேன். பிறகு ஐந்து பேரும் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார்கள். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று அதே கதையைச் சொன்னார்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தூரத்து ஊரிலிருந்து சபையின் பவுசர் வண்டியில் தண்ணீர் வரும், வீட்டுக்கு இரண்டு குடம், மிச்சத்துக்கு வீட்டுக் கிணற்றுச் சவர்த் தண்ணீர்தான் என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

சிலர் ஏசினார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஆனால் மூன்றாம் நாள் நான் எஞ்சினை நிறுத்தியபோது சபைக்கு ஒரு முறைப்பாடும் வரவில்லை.

5. தோட்டத்தில்

பத்து நாளாகியும் துளி குறையவில்லை. இருபத்தொன்பதில் நின்றது.

ரீச்சர் கிணற்றுக் கட்டின் மேல் நின்று சுற்றிப் பார்த்தார். நாலாபக்கமும் வெங்காயத் தறைகளில், அந்தச் சிறு தோட்டத் துண்டுகளில், மண்ணெண்ணெய் இறைப்பு மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. பதினேழு மெஷின்களை நானே எண்ணினேன். நாங்கள் விட்டதை அவை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

அந்தத் தோட்டங்கள் பட்டின எல்லைக்கு வெளியே. சபைக்கே அங்கு உரிமையில்லை என்றால் எங்கள் குழுவுக்கு என்ன இருக்கும்? வெங்காயம் பாதி வளர்ந்து நின்றது. அந்த நேரத்தில் தண்ணீரை நிறுத்தச் சொல்வது, சோற்றுக் கோப்பையில் கைவைப்பது போல. அதோடு இன்னொன்றும் இருந்தது. கடற்கரைச் சனமும் தோட்டக்காரரும் சந்தையில் கொடுத்து வாங்குவார்கள். அதற்கப்பால் ஒரு பக்கத்தார் மற்றப் பக்கத்து வளவுக்குள் கால்வைப்பது அருமை. கிணற்றடிக்கு இன்னும் அருமை.

தோட்டக்காரருக்குள் பேச்சுள்ளவர் செல்லையா. ஐம்பது வயதிருக்கும். வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றார். வரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. தண்டையல் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"கடற்கரை ஆக்கள் தண்ணி குடிக்க எங்கடை வெங்காயம் சாகவேணுமோ?" என்று செல்லையா கேட்டார்.

ரீச்சர் சீலையைச் சொருகிக்கொண்டு, வரம்பில் குந்தியிருந்து குடுவையை எடுத்தார். "உங்கடை கிணத்திலை ஒரு வாளி அள்ளித் தாங்கோ."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி ஏழெட்டுத் தோட்டக்காரர் கூடிவிட்டார்கள். ரீச்சர் தண்ணீரை மஞ்சளாக்கி, துளிக்குழாயைச் செல்லையாவின் கையில் கொடுத்தார். "நீங்களே விடுங்கோ. எண்ணிக்கொண்டு விடுங்கோ. பதினொண்டிலை நிறம் மாறினால் உங்கடை கிணறு சுகமாயிருக்கு."

மண் அப்பிய அந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் துளி விட்டன. பதினொன்று போனது. பதினைந்து போனது. கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து எண்ணத் தொடங்கியிருந்தார்கள். இருபத்திரண்டில்தான் செங்கல் நிறம் வந்தது.

செல்லையா குடுவையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உப்புப் பட்டால் வெங்காயம் எழும்பாது" என்றார் தனக்குத்தானே.

"இந்தப் போகம் மட்டுமில்லை" என்றார் ரீச்சர். "இது உங்கடை கிணறு, எங்கடை கிணறு எண்டு இல்லை. அடியிலை ஒண்டுதான்."

"அப்ப நிக்கிற பயிரை என்ன செய்யிறது? பாத்துக்கொண்டு நிக்கவோ?"

தண்டையல் கிணற்றடியில் நின்ற துலாவை, ஆள் ஏறி நடந்து இறைக்கும் அந்த நீண்ட மரத்தைக் காட்டினார். "துலா இன்னும் நிக்குதுதானே. மெஷின் உறிஞ்சுற வேகம் துலாவுக்கு இல்லை. பயிர் சாகாமல் காக்க அது காணும்."

"துலா மிதிக்க ஆளுக்கு எங்கை போறது? ஏழெட்டு வருஷமா மெஷின்தான். பெடியளுக்கு ஏறவே தெரியாது."

"எங்கடை பெடியள் வருவாங்கள். பாய்மரத்திலை ஏறி நிண்டவங்களுக்குத் துலா ஒரு உயரமோ? நீங்கள் கிணத்தடிக்கு விடுவியளோ எண்டதுதான் கேள்வி, செல்லையர்."

மெஷின் இரைந்துகொண்டிருந்தது. செல்லையா மற்றத் தோட்டக்காரரின் முகங்களைப் பார்த்தார். ஒருவர் குனிந்துகொண்டார். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். செல்லையா நடந்துபோய்த் தன் மெஷினை நிறுத்தினார்.

"விடியக் காலமை வரச் சொல்லுங்கோ" என்றார்.

6. சத்தம் நின்ற வெளி

அடுத்த நாள் பதினேழில் ஆறு மெஷின் நின்றது. அதற்கடுத்த நாள் பதினொன்று. ரீச்சரும் தண்டையலும் வெயிலில் தறை தறையாக நடந்து, ஒவ்வொரு கிணற்றிலும் அந்த மஞ்சள் தண்ணீரைச் செங்கல்லாக்கிக் காட்டினார்கள். ஐந்தாம் நாள் காலை சைக்கிளில் வந்துகொண்டிருந்த நான் பாதி வழியில் இறங்கி நின்றுவிட்டேன். காதுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. ஒரு மெஷினும் ஓடவில்லை.

வெளி முழுக்கத் துலாக்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு துலாவிலும் சாரத்தை மடித்துக் கட்டிய கடற்கரைப் பையன்கள் ஒன்றையும் பிடிக்காமல் முன்னும் பின்னும் நடந்தார்கள். கீழே தோட்டக்காரர் நிறைந்து வந்த இறைப்புப் பட்டையைப் பிடித்து ஊற்றினார்கள். துலா கிரீச்சிடும் ஓசையும் தண்ணீர் வாய்க்காலில் விழும் ஓசையும் மட்டும் கேட்டன. ஒரு சட்டமும் சொல்லாமல், ஒரு பொலிஸ்காரனும் நில்லாமல், இரண்டு ஊர்ச் சனம் தங்கள் காலுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒன்றுக்காகக் கையை மடக்கிக்கொண்டு நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோவில்களில்கூட எனக்கு அப்படி நேர்ந்ததில்லை.

துளி இருபத்தெட்டாகியது. ஒரு கிழமை அதிலேயே நின்றது. பிறகு இருபத்தைந்து. ஒருநாள் தண்டையல் நாக்கில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ரீச்சர் எண்ணினார், பத்தொன்பது. ஒரு மாதமும் சில நாட்களும் கழிந்து பதினான்கில் வந்து நின்றது. எல்லாம் தப்பவில்லை. மூன்று தறை வெங்காயம் கருகிப்போனது. அவற்றில் ஒன்று செல்லையாவுடையது.

7. செல்லையா கேட்டது

காலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும் எஞ்சினை ஓட்டலாம் என்று குழு முடிவெடுத்த கூட்டத்துக்குச் செல்லையா வந்தார். சபைக் கட்டடத்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. பின்னறை வாசலில் நின்றார்.

"நாங்களும் துவங்கலாமோ எண்டு கேக்க வந்தனான்."

அவருடைய நிலம், அவருடைய கிணறு, அவருடைய மெஷின். கேட்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. மறுக்கும் அதிகாரம் அந்த ஐந்து பேருக்கும் இல்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் பேனை நின்றுவிட்டது.

ரீச்சர் மெதுவாகச் சொன்னார்: "மாரி வரும்வரை முறை வைச்சு ஓடுவமோ, செல்லையா? ஒருநாள் நீங்கள், ஒருநாள் நாங்கள்."

"ஓம். அப்ப நாளைக்கு நீங்கள் ஓட்டுங்கோ. நாங்கள் நாளையிண்டைக்கு ஓட்டுறம்" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிற்காலத்தில் எனக்குப் பதவி உயர்ந்தது. தண்ணீரை நிறுத்தும் உத்தரவுகளில் கையெழுத்திடும் அதிகாரம் வந்தது. பல உத்தரவு போட்டேன். மீறினவர்களைப் பிடிக்க ஆளும் வைத்தேன். அந்த உத்தரவுகளுக்காக ஒரு மெஷினைத் தானாக நிறுத்திய ஒருவரையும் நான் காணவில்லை. ஆகவே கடைசிப் பத்து வருடம் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். உத்தரவைத் தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நேரில் போய், உண்மையை ஒளிக்காமல் சொல்லி, கேட்டுப் பார்ப்பேன். முக்கால்வாசி நேரம் அந்தக் கடதாசி தட்டச்சுக்குப் போக வேண்டி வரவில்லை.