மாரிக்குப் போனவர்கள்

நான் வசிக்கும் நோர்வேயின் கரையோர ஊரில், செப்டம்பர் முடியும்போது அயலவர் ஆர்ன தன் கடற்கரை மரவீட்டைப் பூட்டுகிறார். கோடைக்கு மட்டும் போய்த் தங்கும் அந்த வீட்டை 'ஹித்தே' என்பார்கள். குழாய்த் தண்ணீரை வடியவிட்டு, படகைக் கவிழ்த்துவைத்துவிட்டு எங்கள் தெருவுக்குத் திரும்பிவிடுவார். பிறகு எட்டு மாதம் அங்கே ஆளில்லை. பெயர்ப்பலகை மட்டும் பனிக்குள் நிற்கும். அது அவருடைய வீடுதானா என்று ஒருவரும் கேட்டதில்லை.

எங்களைக் கேட்கிறார்கள். திருகோணமலை மாவட்டத்தில், வெருகல் பக்கக் கரையில் இருந்த எங்கள் ஊர் சிப்பிமுனை, இருபத்தொரு வீடுகள் கொண்ட மீன்பிடிக் கிராமம். முதலில் குடியேறியவர்கள் சாளை மீனைத் தொடர்ந்து வந்தார்கள் என்று ஒரு கதை, கோயில் சண்டையில் பிரிந்து வந்தார்கள் என்று இன்னொரு கதை. இரண்டுக்கும் சான்று இல்லை. கடலிலிருந்து முப்பது அடி தள்ளி வெட்டிய கிணற்றில் நல்ல தண்ணீர் வந்ததால் தங்கிவிட்டார்கள் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. காணி உறுதிப் பத்திரம் ஒருவரிடமும் கிடையாது. ஐப்பசியில் மாரிமழை பிடித்துக் கடல் குழம்பத் தொடங்கினால் கூரைக் கிடுகைக் கழற்றிக் கட்டிக்கொண்டு, உட்பக்க ஊர்களின் வயல்களில் விதைப்பு, அரிவிவெட்டு என்று வேலைக்குப் போவார்கள். மாசியில் திரும்புவார்கள். வீட்டின் நான்கு மரக்கால்களும் அப்படியே நிற்கும். ஒன்றில் பழைய வலைத்துண்டை முடிச்சுப் போட்டிருப்பார்கள். அந்த முடிச்சு இருக்கும்வரை அந்த இடத்தில் வேறு யாரும் கால் நாட்டமாட்டார்கள்.

ஒரு மாரியில் போனவர்களை யுத்தம் திரும்ப விடவில்லை. வருடங்கள் கழித்துப் போனபோது இராணுவத்தின் முள்ளுக்கம்பி வேலி நின்றது. மரக்கால்கள் இல்லை. இப்போது காணியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி விசாரணை நடக்கிறது. கிராமத்தின் வரலாற்றை எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். முன்பு பத்திரிகையில் வேலை செய்தவன் என்பதால், அங்கேயே இருக்கும் என் கூடப்பிறந்த புஷ்பம் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, மாரிக்குப் போற கதையை மட்டும் எழுதாத. வருஷம் முழுக்க இருந்தனாங்கள் எண்டு போடு."

"அது உண்மையில்லையே அக்கா."

"ஓ, பெரிய அரிச்சந்திரன்! மந்திரி வாற நேரம் ரோட்டுப் போட்டாச்சு எண்டு பேப்பரில நீதானே எழுதினனி. அந்த ரோட்டில இண்டைக்கும் மாடுதான் படுக்குது. என்ர கிணத்தடிக்கு ஒரு பொய் எழுத ஏலாதோ?"

எழுதினேன். 'ஆண்டு முழுவதும் நிலையாக வாழ்ந்தனர்' என்று, என் கையாலேயே.

அந்த வாரம் ஆர்ன பனி தள்ளிக்கொண்டிருந்தபோது, எனக்கும் என் நாட்டில் ஹித்தே உண்டா என்று கேட்டார். கடற்கரையில் ஒன்று இருந்தது, பூட்டாமலே விட்டுவிட்டுப் போவோம் என்றேன்.

"பூட்டாமலா? நல்ல அயலவர்கள். இப்போது?"

"சுற்றிவர முள்ளுக்கம்பி போட்டிருக்கிறார்கள்."

"அப்போ பத்திரமாக இருக்கும்," என்று தோளில் தட்டினார்.

விசாரணைக்குச் சாட்சியாகக் கிண்ணியாவிலிருந்து மீன் வியாபாரி யூசுப் நானாவைக் கூப்பிட்டிருந்தார்கள்; நானா என்றால் அங்கே அண்ணன். எங்கள் கரைக்கு வரும் வழியில் பாலங்கள் போடுவதற்கு முந்திய காலத்திலிருந்தே எங்களிடம் மீன் வாங்கியவர். இவர்கள் வருடம் முழுக்க அங்கே இருந்தார்களா என்று அதிகாரி கேட்டார்.

"மாரியில ஒருத்தரும் இருக்கமாட்டாங்க சேர். கடல் அப்பிடி அடிக்கக்க அங்க ஆரு இருப்பா? கால் மட்டும் நிக்கும். அந்தக் கால்ல ஒருத்தனும் கை வைக்கமாட்டான். அவ்வளவு உரித்து."

தன்னிடமிருந்த மிகப் பெரிய சாட்சியத்தை அவர் கொடுத்துவிட்டார். அதிகாரி முதல் வாக்கியத்தை மட்டும் குறித்துக்கொண்டாராம். பத்திரிகையில் நானும் அப்படித்தான் குறிப்பெடுத்தவன். தலைப்புக்கு அது போதும்.

என் அறிக்கையும் சாட்சியும் முரண்பட்டதால், பொய் சொல்லிக் காணி கேட்கிறார்கள் என்றானது. திருத்திக் கொடுக்க ஒரு தவணை தந்தார்கள். அக்கா மறுபடி தொலைபேசி எடுத்தார். குரலில் பழைய சூடு இல்லை.

"நானாவில கோவமில்லை. அந்த மனுசன் எங்களுக்காகத்தான் கதைச்சது. இனி உள்ளதை எழுது. முடிச்சுக் கட்டினது, போனது, வந்தது, எல்லாம்."

மூன்று நாட்கள் இருந்து எழுதினேன். வீடு வீடாக: யாருடைய வீட்டு வளவு, கால் என்ன மரம், மாரிக்கு எந்த ஊர், திரும்பியவர் யார், இறந்தவர் யார். பதினான்காவது எங்கள் வீடு. அப்பா, அகதி முகாமில் இறந்தார். அக்கா, கம்பிவேலிவரை திரும்பினார். அடுத்தது என் பெயர். 'மாரிக்குப் போனவர். திரும்பவில்லை' என்று எழுதி, அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அந்த வரியை மறுபடி வாசிக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "இன்னும் திரும்பேல்ல எண்டு போடு."

இங்கே குடியுரிமை எடுத்து, வீட்டுக் கடனில் பாதி கட்டி முடித்தவன் நான். 'இன்னும்' என்பதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை. அதைச் சேர்த்தேன். அனுப்புவதற்கு முன், பழைய வழக்கப்படி பிழை பார்த்தேன். அந்தச் சொல் வந்ததும் பேனா நின்றது. வெட்டாமல் அனுப்பினேன்.