கனகலட்சுமியின் கைப்பழக்கம்

குடிதண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரை இரண்டு வாளியில் பிடித்து வைத்து, காலையில் அதைக்கொண்டு காரைக் கழுவுவது ஆவுடையப்பனின் வேலை. காரை ஓட்டுவது அவர் மனைவி கனகலட்சுமியின் வேலை. இரண்டு வருடமாக இந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை.

அவரிடமும் லைசென்ஸ் இருக்கிறது. மனைவியிடம் படித்து வாங்கியதுதான். ஆனால் கனகலட்சுமியின் தம்பி புதுக்கார் வாங்கி வந்த அன்று, "அத்தான், ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்று ஆசையாகச் சாவியைக் கொடுக்க, இவர் வண்டியை வெளியே எடுக்கும்போதே வீட்டு கேட் தூணில் ஒரு பக்கம் முழுக்கத் தேய்த்துவிட்டார். வண்டிக்குப் போட்ட மாலைகூட வாடவில்லை. அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை. நகராட்சி ஆபீசுக்கு ஸ்கூட்டரில்தான் போய் வருகிறார்.

அந்த வியாழக்கிழமை காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாகத் திரும்பியபடி நின்றிருந்தன. அதனால்தான் எப்போதும் கண்ணில் படாத உள்பக்கம் அவர் கண்ணில் பட்டது.

"ஏட்டி கனகு, இங்கன வா. டயரு உள்பக்கம் மட்டும் மொட்டையா இருக்கு."

கனகலட்சுமி தோசைக் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "கழுவுத ஆளு கழுவணும். ஆராய்ச்சியெல்லாம் பண்ணப்பிடாது."

"கம்பி தெரியுதுட்டி."

அவள் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கம்பி தெரியத்தான் செய்தது.

கனகலட்சுமிக்கு நாற்பத்தொன்பது வயது. முதலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். "சொல்லிக் குடுக்க லேடீஸ் இல்லையாக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிற பெண்களை நாலைந்து வருடம் பார்த்தபின், தானே ஓட்டப் பழகினாள். முதலாளி ஸ்கூலை மூடியபோது அந்த வெள்ளைக் காரை, இடது சீட்டுக்குக் கீழே இருக்கும் கூடுதல் கிளட்ச், பிரேக்கோடு சேர்த்து வாங்கிக்கொண்டாள். ஒன்பது வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரி நர்சுகள், பூ மார்க்கெட் வியாபாரிகளின் வீட்டுப் பெண்கள், மாப்பிள்ளை சவுதியில் இருக்கிற கடையநல்லூர்ப் பெண்கள் என்று அவளிடம் படித்த ஒருத்தியும் டெஸ்ட்டில் தவறியதில்லை. "கனகாக்காட்ட படிச்சியா? அப்ப சரி" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் அவளுக்கு விளம்பரம். போர்டுகூட வைத்ததில்லை.

அவள் சொல்லிக் கொடுப்பதும் ஒன்றுதான். "ரூலெல்லாம் புஸ்தகத்துல இருக்கு மக்கா. ஓட்டுதது கைப்பழக்கம். நீ மறந்தாலும் கை மறக்காது."

வண்டி மூன்று வருடமாகக் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும். ஸ்டீயரிங்கை ஒரு நூல் வலப்பக்கமாகப் பிடித்தால் நேராகப் போகும். மெக்கானிக் பாண்டிராஜ் அப்போதே, "அக்கா, புஷ்ஷு போச்சு, மாத்திருவோம்" என்றான். மகளைக் காலேஜில் சேர்த்த மாதம் அது. "இழுத்தா இழுக்கட்டும்லே. நான் பிடிச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். மூன்று வருடமாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். பிடிக்கிறோம் என்பதே மறந்து போயிருந்தது.

புளியங்குடி ரோட்டில் இருக்கும் பட்டறையில் பாண்டிராஜ் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, லீவர் கம்பியைக் கொடுத்து நெம்பிக் காட்டினான். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டு 'கடக்' என்று நகர்ந்தது. அந்தத் தண்டும் வண்டியின் உடம்பும் சேருகிற இடத்தில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம், காய்ந்த புளியந்தோடு மாதிரி உதிர்ந்து கிடந்தது.

"இதாங்க்கா புஷ்ஷு. ஒங்க முழங்காலுக்கு டாக்டர் சொன்ன அதே கததான். நடுவுல இருக்கது தேஞ்சா எலும்பும் எலும்பும் உரசும்."

"எம் முழங்கால் கத ஒனக்கு எதுக்குலே? எவ்வளவு ஆவும், அதச் சொல்லு."

"புஷ்ஷு ஒண்ணு இருநூத்தம்பது. நாலு போடணும்."

"ஆயிரம்தானா!"

"பொறுங்க. கழத்தி, பிரஸ்ல வச்சு ஏத்தி, திரும்ப மாட்ட கூலி ஆயிரத்தஞ்ஞூறு. சக்கரத்த நேர்பண்ணுத அலைன்மெண்டுக்கு ஐநூறு. மூணு வருசம் மாத்தாம ஓட்டுனதுக்கு அவராதம், டயரு ரெண்டு. ஆறாயிரத்து நானூறு."

கனகலட்சுமி மனதுக்குள் கூட்டினாள். "ஒம்பதாயிரத்து நானூறா? ஆயிரம் ரூவா ரப்பருக்கா?"

"அன்னைக்கே போட்டிருந்தா மூவாயிரத்தோட போயிருக்கும். நீங்கதானே பிடிச்சுக்கிடுதேன்னு சொன்னிய?"

ராத்திரி ஆவுடையப்பனிடம் சொன்னபோது அவர் அதிகம் யோசிக்கவில்லை. "போடு. வண்டி ஓடுனாத்தான அழுக்காவும். அழுக்கானாத்தான எனக்கு வேல" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டி தயாராகிவிட்டது. புது டயர் வாசனையோடு அவள் ஓட்டிக் கிளம்பினாள். கடக் சத்தம் இல்லை. பள்ளத்தில் இறங்கி ஏறுவது மெத்தையில் உட்காருவது போல இருந்தது. ஆனால் அரை கிலோமீட்டர் போவதற்குள் வண்டி நடு ரோட்டுக்கு வந்திருந்தது. எதிரே வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. இடப்பக்கம் ஒடித்தாள். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நடுரோடு. அங்கேயே திருப்பிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

"ஏலே பாண்டி! இடது பக்கம் இழுத்த வண்டிய வலது பக்கம் இழுக்கவச்சுக் குடுத்திருக்கியே, இதுக்கா ஒம்பதாயிரத்து நானூறு?"

பாண்டிராஜ் கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினான். அவள் வழக்கமாக உட்காரும் இடது சீட்டில் உட்கார்ந்தாள். ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோடு வந்ததும் அவன் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து நெஞ்சுக்கு நேரே கும்பிட்டான். அவள் கால் தன்னால் பிரேக்கின் மேல் போனது. மிதிக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது.

"இப்ப நீங்க ஓட்டுங்க."

இடம் மாறினார்கள். அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, வண்டி நேராத்தான் போவுது. நீங்கதான் வலது பக்கம் போறிய."

கனகலட்சுமி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஒரு நூல் வலப்பக்கம். நேராக்கினாள், வண்டியும் நேரானது. ரோட்டோரத்தில் போன ஆட்டைப் பார்த்த நேரத்தில் கை தன் இடத்துக்குத் திரும்பப் போய்விட்டது.

அவளுக்குச் சட்டென்று ஏஞ்சலின் ஞாபகம் வந்தது.

ஏஞ்சல் பாத்திரக்கடைக்காரி. போன வருடம் படித்தவள். புதுக்கார் வாங்கி நாலு மாதம் ஆகிறது. வாங்கிய வாரமே போன் செய்து, "யக்கா, வண்டி வலது பக்கமாவே ஓடுது" என்றாள். "வண்டியிலதான் ஏதோ குத்தம் இருக்கு. விடாத, ஷோரூம்காரன்ட்ட சண்ட போடு" என்று சொன்னது கனகலட்சுமிதான். ஏஞ்சலுக்குச் சண்டை போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருநெல்வேலிக்கு மூன்று தடவை போய்ப் போட்டாள். போன வாரம்கூடக் கூப்பிட்டு, "எதிர்ல வந்த லாரிக்காரன் வஞ்சுட்டுப் போறாங்க்கா" என்று சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கனகலட்சுமி எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். மூன்று வருடத்தில் அந்த வண்டியில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று அவர் கேட்டார்.

"அறுபத்திமூணு."

"நாயன்மாரு கணக்கால்லா இருக்கு. எல்லாரும் பாசுதானே?"

"டெஸ்ட்டுலயும் என் வண்டியிலேயே ஓட்டிக் காட்டினா பாசாகத்தான் செய்வாளுவ."

ஆவுடையப்பன் தாடையைச் சொறிந்தார். "நீ சொல்லாட்டா யாருக்குத் தெரியும்? நாளு போவப்போவ அவளுவ கை தன்னால சரியாயிரும். சவத்த விடு."

அவளும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். சொன்னால் அடுத்த வாரம் சேர வேண்டிய ஆறு பேரும் வேறு ஸ்கூலுக்குப் போவார்கள். ஒன்பது வருடம் போர்டு இல்லாமல் ஓடிய பெயர், ஏஞ்சல் வாய்க்குப் போனால் ஒரு நாளில் சந்தி சிரிக்கும்.

"தன்னால சரியாவதுக்கு முந்தி ஒருத்தி லாரிக்கு நேரா போயிட்டான்னா?" என்றாள்.



படித்த பெண்களுக்கெல்லாம் போனில் ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. நல்ல நாளுக்கு வாழ்த்தும், சேலை விற்பனையும் நடக்கும். கனகலட்சுமி அடுக்களையில் நின்றபடி குரல் பதிவு செய்தாள். கேட்டுப் பார்த்து அழித்தாள். இரண்டாவதில் ரோட்டின் மேல் பழி போட்டிருந்தாள், அதையும் அழித்தாள். அதற்கப்புறம் இரண்டு அழித்தாள். ஐந்தாவது இப்படி இருந்தது: "மக்கா, நான் கனகாக்கா பேசுதேன். ஒங்க வண்டி வலது பக்கமா ஓடுனா வண்டியில குத்தமில்ல. என் வண்டியில புஷ்ஷு தேஞ்சு இடது பக்கம் இழுத்துது. நான் மாத்தாம விட்டுட்டேன். அதுல படிச்சதால ஒங்க கை கோணலாயிட்டு. என் கையும்தான். எதிர்ல வண்டி வாரப்ப கவனம். ஞாயித்துக்கிழம வாங்க, நேராக்கிருவோம். துட்டு வேண்டாம்."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். ஒரு டம்ளருக்குப் பதில் இரண்டு டம்ளர் போட்டுவிட்டாள்.

முதலில் கூப்பிட்டது ஏஞ்சல்.

"யக்கா! அந்த மேனேஜர நான் என்னெல்லாம் வஞ்சிருக்கேன் தெரியுமா? பெத்த தாய்கூட அவன அப்படி வஞ்சிருக்க மாட்டா!"

"தப்புதான் ஏஞ்சலு."

"கடைசியா போனப்ப ஜூஸ் வாங்கிக் குடுத்து, 'மேடம், சத்தியமா நேராத்தான் போவுது'ன்னு அழாத கொறையாச் சொன்னான். பொய் சொல்லாதலேன்னு சொல்லிட்டு ஜூஸையும் குடிச்சுட்டு வந்தேன்."

கனகலட்சுமி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் பாத்திரம் அடுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஏஞ்சல் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

"நீங்களும் வாங்கக்கா. ரெண்டு பேருமாப் போயி அவன்ட்ட மன்னிப்பு கேப்போம். நாம ரெண்டு பேரும் ஓட்டிட்டுப் போனா எதிர்ல ஒரு வண்டி வர முடியாது!"

குரூப்பில் அதற்குள் வரிசையாக வந்திருந்தது. கடையநல்லூர் பாஜிலா, 'நான் எங்க ஊரு ரோடுதான் சரிவுன்னு நெனச்சேன்' என்று போட்டிருந்தாள். நர்ஸ் சுகிர்தா, 'கண்ணுல பவர் கூடிட்டுன்னு நான் கண்ணாடியே மாத்திட்டேன்க்கா, அந்தத் துட்ட யாரு தருவா?' என்று கேட்டு, கீழே சிரிக்கிற பொம்மை நாலு போட்டிருந்தாள். ஒருத்தி ஒன்றும் எழுதாமல் குரூப்பை விட்டு விலகியிருந்தாள். யாரென்று பார்த்தாள் கனகலட்சுமி. ரெண்டு மாசம் பொறுமையாக ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்த பெண்தான். கொஞ்சம் வருத்தமாக இருந்தது. விஷயம் வெளியேயும் பரவி, அடுத்த வாரம் சேர வேண்டிய ஆறு பேரில் இரண்டு பேர், வெளியூர் போகிறோம் என்று அன்றைக்கே செய்தி அனுப்பினார்கள். நாலு பேர் வருவதாகவே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். மைதானத்தில் கயிறு பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் மட்டும் பிடித்து ஓட்டச் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் ஓட்டுகிறவளைக் கேலி செய்தார்கள். ஏஞ்சல் முறுக்குப் பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். எல்லோருக்கும் முன்னால் கனகலட்சுமிதான் அந்தக் கோட்டின் மேல் ஓட்டிக் காட்டினாள். மூன்றாவது தடவைதான் சக்கரம் கோட்டை விட்டு விலகாமல் போனது. அதற்கு எல்லோரும் கை தட்டினார்கள். ஒன்பது வருடத்தில் அவளுக்கு யாரும் கை தட்டியதில்லை.

சாயங்காலம் வீட்டில் காய்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். தோள் வலித்தது. அதுவும் சுகமாகத்தான் இருந்தது. ஆவுடையப்பன் நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கூடு பக்கத்து மேசையில் இருந்தது.

"எல்லாருக்கும் நேராயிட்டா?"

"பாஜிலாக்கு மட்டும் இன்னும் ரெண்டு நாளு வேணும்."

அவர் பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார்.

"அறுபத்திமூணு பேருன்னு சொன்னியே, அது என்னையச் சேத்தா, சேக்காமலா?"

கனகலட்சுமியின் கை ஒரு சட்டையின் மேல் நின்றது.

"ஒந் தம்பி வண்டிய நான் தூணுல தேச்சது எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்" என்றாள், மெதுவாக.

"மொய் எழுதுத எடத்துல, பந்தியில, சடங்கு வீட்டுலன்னு எங்கெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்ப? மால வாடலன்னு வேற சொல்லுவ." அவர் குரலில் கோபம் இல்லை. ரெண்டு வருடம் காத்திருந்து கிடைத்த ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிற நிதானம்தான் இருந்தது. "ஊருல அம்புட்டுப் பேருக்கும் சொல்லிட்ட. ஒந் தம்பிட்ட எப்பச் சொல்லப்போற?"

கனகலட்சுமி மடித்த துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டாள். மேசையைக் கடக்கும்போது, இடுப்பில் செருகியிருந்த கார் சாவியை எடுத்து அவருடைய கண்ணாடிக்கூட்டின் மேல் வைத்தாள்.

"ஏட்டி, ஒன்னத்தான் கேக்கேன்" என்றார் அவர்.

அவள் அதற்குள் உள்ளே போயிருந்தாள்.