டிராக்டருக்கு முன்னால் நடந்தவள்

என் தங்கையின் தொழில் டிராக்டருக்கு முன்னால் நடப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு நின்று ரொம்ப நாளாகிறது.

அவள் வீட்டுக்காரர் பழத்தோட்டங்களில் புல் வெட்டிக் கொடுப்பவர். ஒரு பழைய டிராக்டர், அதன் பின்னால் மாட்டிய ஒரு புல்வெட்டி. வெட்டிக்குள் கனத்த இரும்பு பிளேடு சுழலும். கீழே கல் கிடந்தால் அடித்துத் தூர எறியும். யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. அதனால் தங்கை சாக்கோடு முன்னால் குனிந்து நடப்பாள். கல், கம்பித் துண்டு, காய்ந்த கிளை, யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு எல்லாம் சாக்குக்குள் போகும். அவள் பின்னாலேயே டிராக்டர் வரும். தோட்டக்காரர்கள் அவளைக் கல்லுக்காரம்மா என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் முதலில் வருகிறவள் அவள்தான். அந்தக் கால்கள் எதற்குப் பயன்பட்டன என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஏனென்றால் அந்த டிராக்டர் கிளட்சை மிதித்தாலும் நிற்காது. எஞ்சினின் விசையை வெட்டிக்குக் கொண்டுபோவது பின்னால் சுழலும் இரும்புத் தண்டு, பி.டி.ஓ. ஷாஃப்ட். கிளட்சை மிதித்தால் எஞ்சின் விலகிக்கொள்ளும். ஆனால் சுற்றிய பிளேடு சும்மா நிற்குமா? அதன் வேகம் ஷாஃப்ட் வழியாகவே திரும்பிவந்து, கியர் பெட்டிக்குள் புகுந்து, சக்கரத்தை உருட்டும். ஓட்டுகிறவர் மிதித்துக்கொண்டே இருப்பார், வண்டி பிரேக்கையும் மீறி அது பாட்டுக்குக் கொஞ்ச தூரம் போகும். இதற்கு மருந்து, கையடக்கமான ஒரு இரும்பு உருளை. ஓவர்ரன் கிளட்ச் என்பார்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரம் சுற்றுகிறதே, அதே வேலைதான். பிளேடு தனியாகச் சுற்றி ஓயும், வண்டி நின்றுவிடும்.

நான் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். அந்த உருளையை வாங்கி என் கையாலேயே மாட்டிக் கொடுத்தேன். மாட்டியதும் ஷாஃப்ட் நான்கு விரல்கடை நீண்டுவிட்டது. வெட்டியைத் தூக்கும்போது முட்டிக்கொண்டு டமார் என்றது. ஷாஃப்டை அளவாகக் குறைத்துவிடலாம் என்றேன். மாப்பிள்ளை ஒப்பவில்லை. வெட்டினால் வெட்டியதுதான், மறுபடி ஒட்ட முடியாது என்றார். மறுநாளே உருளையைக் கழற்றி டூல் பெட்டியில் போட்டுவிட்டார். ஷாஃப்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையும் கழன்று வீட்டு மூலைக்குப் போயிற்று, கிரீஸ் அடிக்க இடைஞ்சலாம். ஒருநாள் அவர் சட்டை நுனியைச் சுழலும் ஷாஃப்ட் பிடித்து இழுத்தது. இற்றுப்போன துணி, கிழிந்துகொண்டு போனது, ஆள் பிழைத்தார். அதற்கும் அவர் திட்டியது சட்டையைத்தான்.

வண்டி நிற்காததற்கு அவர் கண்டுபிடித்த வழி வேறு. கிளட்சை மிதித்துவிட்டு "ஏய்" என்று ஒரு கத்தல். தங்கை பக்கவாட்டில் குதித்துவிட வேண்டும். அந்த வண்டிக்குப் பிரேக் என் தங்கைதான்.

முதலில் வரிசை முழுக்கக் கல்லைப் பொறுக்கிவிட்டு அப்புறம் ஓட்டினால் என்ன என்று கேட்டால், இரட்டை வேலை என்பார். தங்கையிடம் சொன்னால், "விடுண்ணே, எனக்குப் பழகிடுச்சு" என்பாள். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? வீட்டு மாப்பிள்ளை, கை நீட்டவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் தொண்டை வறளப் பேசிவிட்டு, அவள் போட்டுத் தரும் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

போன வாரம் வெட்டியின் தாங்கு கம்பி விட்டுப்போனது என்று கூப்பிட்டார்கள். தோட்டத்துக்கே போய்ப் பற்றவைத்துக் கொடுத்தேன். சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வண்டியை எடுத்தார், தங்கை வழக்கம்போல் முன்னால் போனாள். புல்லுக்குள் வேலிக்கம்பி ஒன்று புதைந்து கிடந்திருக்கிறது. இரண்டு கையாலும் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மிதித்தார், கத்தினார். கம்பியில் சேலை மாட்டிக்கொண்டதால் அவளால் குதிக்க முடியவில்லை. துணியைக் கிழித்துக்கொண்டு உருண்டாள். முன்சக்கரம் அவள் சாக்கின் மேல் ஏறி நின்றது.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். மாப்பிள்ளை எஞ்சினை அணைத்துவிட்டு, கத்தினேனே, காதில் விழவில்லையா என்று கேட்டார்.

தங்கை அழவில்லை. புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"இறங்குங்க. நான் ஓட்டுறேன், நீங்க முன்னாடி நடங்க."

வண்டியைக் கழுவ எடுத்துப்போகிறவள் அவள்தான், ஓட்டத் தெரியும். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். விளையாடாதே என்று அவளிடம் சொல்லிப் பார்த்தார்.

"விளையாட்டு என்ன இருக்கு? மிதிச்சதும் கத்துறேன். நீங்க குதிச்சிடுங்க."

இறங்கினார். சாக்கை எடுத்தார். டிராக்டரின் மூக்குக்கு முன்னால் போய் நின்று, ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அவள் ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தாள். அவ்வளவுதான். சாக்கைக் கீழே போட்டுவிட்டு டூல் பெட்டியைத் திறந்தார்.

நான் இத்தனை வருஷமாக வாய் வலிக்கச் சொன்னது, அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஷாஃப்டின் இரண்டு பாதியையும் ஒரே அளவு அறுத்தேன், பிசிறு தேய்த்தேன், உருளையை மாட்டினேன். அவர்கள் வீட்டுக்குப் போய் உறையைத் தேடி எடுத்து வந்து, அதையும் அளவாக அறுத்துப் போட்டேன். ஆளில்லாத பக்கமாக ஓட்டிப் பார்த்தோம். கிளட்சை மிதித்த இடத்திலேயே வண்டி நின்றது, பிளேடு மட்டும் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. "பார்த்தீங்களா மச்சான், கப்புன்னு நிக்குது" என்றார் மாப்பிள்ளை, என்னவோ அவர் கண்டுபிடித்தது மாதிரி. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தங்கை சீட்டைவிட்டு இறங்கவில்லை. இப்போ நடங்க என்றாள். அவர் நடந்தார். ஒரு கல்லை எடுப்பதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். அவள் ஒவ்வொரு தடவையும் தள்ளியே நிறுத்தினாள். நாலைந்து மரம் தாண்டியதும் திரும்பி வந்துவிட்டார்.

"முன்னாடி நடந்தா முதுகெல்லாம் கூசுது. நான் முதல்ல வரிசை முழுக்கப் பொறுக்கிட்டு வந்துடுறேன், நீ அப்புறமா ஓட்டு."

"எனக்கு மட்டும் கூசலைன்னு நினைச்சீங்களா?"

மாப்பிள்ளை சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி மரம்வரை தனியாகப் போனார். அவர் போய்த் திரும்பும்வரை தங்கை எஞ்சினைக் கிளப்பவில்லை.