சந்தனம் வைத்த இம்பாலா

கடலூர் செம்மண்டலத்தில் நாலு லாரிக்கு முதலாளியாக இருந்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்த வண்டி வாங்கினேன். எங்கள் பக்கத்தில் அப்படி இன்னொருவனைக் காட்டட்டும், பார்க்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் இப்போதெல்லாம் இதை யாரிடமும் சொல்வதில்லை.

கிளீனராக இருந்தபோது காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ்மில்லுக்கு நெல் மூட்டை கொண்டு போவோம். மில்காரரிடம் சிவப்பு இம்பாலா கார் இருந்தது. அமெரிக்கா வண்டி. பின்பக்கம் றெக்கை விரித்த மாதிரி இருக்கும். ஒருநாள் ஆசை தாங்காமல் அதன் கதவில் கை வைத்துவிட்டேன். மில்காரர் திட்டவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, நான் கை வைத்த இடத்தைத் துடைக்கச் சொன்னார்.

பிற்பாடு எனக்குத் தெம்பு வந்தது. ஆனால் அந்த வண்டி இங்கே எங்கே கிடைக்கிறது? சின்ன உருவத்தில் செய்தது கிடைத்தது. பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு அடி நீளம், கையில் எடுத்தால் கனம் தெரியும், கதவு திறக்கும், பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஒயர்கூட இருக்கும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போது மற்றவர்கள் செண்டும் சோப்பும் கேட்பார்கள். நான் கார் கேட்பேன். அதுவும் பழைய அமெரிக்கக் கார் மட்டும். ஒரு அலமாரி நிறைய சேர்த்தேன்.

கையில் வந்ததும் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுவிடுவேன். வண்டியைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறவன் வண்டிக்காரனே அல்ல. எங்கள் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிற பெயிண்டரை விட்டு, முன்னும் பின்னும் டி.என். 31 என்று கடலூர் நம்பர் எழுத வைப்பேன். ஆயுத பூஜை அன்று லாரிக்குச் செய்வதெல்லாம் அவற்றுக்கும் உண்டு. கழுவித் துடைத்து, பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சைத் துண்டு வைப்பேன். என் மனைவியின் தம்பிக்கு அது வருஷா வருஷம் வேடிக்கை.

"மாமா, எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்தணுமே. டிரைவர் யாரு, எறும்பா?"

"நீயே ஏறு மச்சான். ஒன் மூளைக்கு அந்த சீட்டே ஜாஸ்தி."

மகன் சிதம்பரத்தில் ஒரு காலேஜில் வாத்தியார். யார் படிக்க வைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வீடு கட்ட ஆரம்பித்தபோது நான் கேட்டது ஒன்றுதான். ஹாலில், உள்ளே வருகிறவன் கண்ணில் முதலில் படுகிற சுவரில், என் கார்கள் நிற்க வேண்டும். "ஒங்க கார் இல்லாம என்னப்பா ஹாலு," என்றான். தச்சரை வைத்து, உள்ளே லைட் போட்டு, கண்ணாடி அலமாரியும் செய்தான்.

வீடு முடியும் தருவாயில், கூட வேலை பார்க்கும் ஒருவரைக் கடலூருக்கு அழைத்து வந்தான். அவரும் இந்தக் கார்களைச் சேர்க்கிறவராம். இம்பாலாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதோட பாக்ஸ் இருக்குங்களா?"

"கிழிச்சிப் போட்டாச்சி. அட்டைய வச்சிகினு என்னா பண்றது?"

"இந்த நம்பர்?"

"நம்மூரு நம்பர். நம்பர் இல்லாத வண்டிய ரோட்ல வுடுவாங்களா?"

பானெட்டில் விரலை வைத்துத் தேய்த்தார். வருஷா வருஷம் சந்தனம் வைத்த இடத்தில் பெயிண்ட் வட்டமாக வெளுத்திருந்தது. எலுமிச்சைச் சாறு பட்டுச் சக்கரத்தின் பளபளப்பும் போயிருந்தது. அவர் மகன் பக்கம் திரும்பி, "இத சேக்கறவங்க யாரும் தொட மாட்டாங்க சார். எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்காரு," என்றார்.

எங்கப்பா லாரிக்காரர், அவருக்கு இது வண்டி, என்று மகன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவருக்கு என்ன சார் தெரியும், படிக்காதவரு," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஆனாலும் கார்களைக் கொடுத்தனுப்பினேன். பேச்சு பேச்சாகப் போகட்டும், ஹாலில் வைப்பதாக அவன் சொன்ன சொல் இருக்கிறதே என்று நினைத்தேன். புதுமனை புகுவிழாவுக்குப் போனால், அலமாரியில் அதே சிவப்பு இம்பாலா புத்தம் புதிதாக, பிரிக்காத பெட்டியோடு நிற்கிறது. பக்கத்தில் இன்னும் சில பெட்டிகள். அந்த நண்பர் மூலமாக வரவழைத்தானாம். என்னுடையவை மாடிப்படிக்கு அடியில், பேப்பர் சுற்றி அட்டைப்பெட்டியில் கிடந்தன.

"ஒங்களுக்காகத்தாம்ப்பா வாங்கனேன். நாலு பேரு பாக்கறப்ப நல்லதா இருக்கட்டுமேன்னு."

"கதவ தொறந்து காட்டு."

"தொறக்கக் கூடாதுப்பா. சீல் போயிடும்."

அலமாரிக் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். நான் நகர்ந்ததும் அவன் தோளில் கிடந்த துண்டால் அந்த இடத்தைத் துடைத்தான். விருந்தாளிகள் வருகிற நேரம் அல்லவா.

நான் சண்டை போடவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகு அட்டைப்பெட்டியை மச்சான் காரில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டு வந்துவிட்டேன். வழி முழுக்க மச்சான் ஒரு கிண்டலும் செய்யவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இந்த ஆயுத பூஜைக்கு மகன் போன் செய்தான்.

"அப்பா, கார் பூஜைக்கு வந்துடுங்க. ஒங்க கையால சந்தனம் வைங்க."

"எந்தக் காருக்குடா?"

"என்னப்பா, வாசல்ல நிக்கற காருக்குத்தான்."

"இங்க எனக்கே வண்டி நெறைய கெடக்கு. நீ வேற ஆளப் பாத்துக்க."

போனை வைத்துவிட்டுச் சந்தனம் குழைத்தேன். இம்பாலாவில் எந்த இடத்தில் வைப்பது என்று பார்க்க வேண்டிய வேலையே இல்லை. வெளுத்த வட்டம் அப்படியே இருக்கிறது.